தேனீக்கு இரண்டு சென்ட் இடம்

பங்குனி பிறந்துவிட்டால் திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் தர்பூசணி குவிந்துவிடும். மரக்காணம், வானூர், திண்டிவனம் பக்கத்துக் கொல்லைகளில் மார்கழியிலும் தையிலும் ஊன்றிய விதைகள் கோடையில் லாரி லாரியாகச் சென்னைக்குப் போகின்றன. விதைக்கு எவ்வளவு, சொட்டுநீர்க் குழாய்க்கு எவ்வளவு, உரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று விவசாயி கணக்கு வைத்திருப்பார். காய் பிடிக்க வைத்த உழைப்பு மட்டும் அந்தக் கணக்கில் இருக்காது. அதைச் செய்தவை தேனீக்கள்.

தர்பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு மயிரடர்ந்த பிஞ்சு ஒன்று முன்பே இருக்கும். அது பழமாவதா, மஞ்சளாகி உதிர்வதா என்பது ஒரே ஒரு காலைப்பொழுதில் முடிவாகிறது. சூரியன் கிளம்பியதும் விரியும் பூ, பிற்பகலில் மூடிக்கொள்கிறது, மறுநாள் திறப்பதில்லை. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. யாராவது சுமந்துகொண்டு வந்துதான் சேர்க்க வேண்டும். பெண் பூவின் சூல்முடி மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் பரவலாக, மொத்தம் ஆயிரம் மகரந்தத் துகள்கள் அளவுக்குப் பதிந்தால் பழம் உருண்டு திரண்டு வரும். ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் பழம் கோணலாகும். ஒரு தேனீ ஒரு முறை வந்து போனால் இந்த வேலை முடியாது. எட்டு முறைக்கு மேல் தேனீ வந்தமர்ந்த பூக்களில்தான் நல்ல காய் பிடிக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு பூவுக்கே இவ்வளவு என்றால், ஒரு கொல்லை முழுவதற்கும் காலை ஆறு மணி முதல் பதினொரு மணிக்குள் எத்தனை தேனீக்கள் வந்தாக வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

விக்கிரவாண்டி வட்டாரத்தில் அதிகமாகக் கண்ணில் படும் பயிர்களுக்குத் தேனீ தேவையில்லை. நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கிறது. கரும்பைக் கரணை வைத்து நடுகிறோம். மல்லாட்டையும் உளுந்தும் பெரும்பாலும் தம்மைத் தாமே கருவுறச் செய்துகொள்கின்றன. ஆனால் பூசணி, சுரை, பாகல், புடலை, முருங்கை, மா, கொய்யா எல்லாம் பூச்சியை நம்பியிருப்பவை. எள் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான் என்றாலும், பூத்த எள் கொல்லையில் தேனீக்களின் இரைச்சல் கேட்காத காலை கிடையாது. டி.எம்.வி. 3, டி.எம்.வி. 7 என்று தமிழகம் முழுக்க விதைக்கப்படும் எள் ரகங்கள் திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை, டி.எம்.வி. என்பதே திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துகள்தாம்.

உலக அளவில் 115 முக்கிய உணவுப் பயிர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 87 பயிர்கள் ஏதோ ஓர் அளவுக்கு விலங்குகளால் நடக்கும் மகரந்தச் சேர்க்கையைச் சார்ந்தவை என்று காட்டியது. எடையில் பார்த்தால் உணவு உற்பத்தியில் சுமார் 35 விழுக்காடு. அந்த உயிர்கள் குறைந்தாலும் அரிசியும் கோதுமையும் இல்லாமல் போய்விடாது. காயும் கனியும் எண்ணெயும்தான் குறையும்.

மகரந்தம் சுமப்பவர்கள் என்றதும் தேன்கூடுதான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பகுதியில் கூடு கட்டி வாழும் தேனீக்கள் நான்கு வகை. புளியமரக் கிளையிலும் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. வேலிச் செடியில் உள்ளங்கை அளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் கிணற்றுச் சுவரிலும் பல அடைகளாகக் கட்டுவது அடுக்குத்தேனீ. சுவர் விரிசலில் பிசினால் சிறு குழாய் வைத்து அதன் வழியே போய்வரும் கொசுத்தேனீ கொட்டுவதே இல்லை. 1991-92 வாக்கில் தென்னிந்தியாவில் பரவிய ஒரு வைரஸ் நோய் பெட்டிகளில் வளர்த்த அடுக்குத்தேனீக்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. ஒரே ஓர் இனத்தை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதைத் தேனீ வளர்ப்பவர்கள் அன்று கண்டார்கள்.

உலகில் அறியப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தேன் சேமிப்பதில்லை. ஒரு பெண் தேனீ தானாகவே ஒரு வளை தோண்டி அல்லது ஒரு துளையைப் பிடித்து, அதில் மகரந்த உருண்டை வைத்து, மேலே முட்டையிட்டு அடைத்துவிட்டுப் போகும். தனித்தேனீ என்று இவற்றைச் சொல்கிறோம். இவற்றில் சுமார் 70 விழுக்காடு இனங்கள் மண்ணுக்குள்தான் வளை வைக்கின்றன. வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும் தேனீ ஒன்று மண்சுவரிலும் வரப்பின் சரிவிலும் வளை வைக்கிறது. இதன் ஆண்கள் மாலையில் காய்ந்த குச்சி ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். ரோஜா இலையிலும் துவரை இலையிலும் வட்டமாகக் கத்தரித்ததுபோல் ஓட்டை விழுந்திருந்தால் அது புழுவின் வேலையாக இருக்காது. இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்குத் தொட்டில் கட்ட எடுத்துப்போன துண்டு அது. துவரைப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதில் முதலிடம் இந்தத் தேனீக்களுக்கே. பட்டுப்போன மரத்திலும் பழைய மூங்கிலிலும் துளையிட்டு வாழும் கருவண்டும், வண்டு என்று பெயர் வாங்கியிருந்தாலும், தேனீக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தக் கருவண்டுக்கும் ஆவாரைக்கும் உள்ள உறவை ஓர் இளங்காலையில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. பத்து மகரந்தத் தாள்கள் இருக்கும்; எல்லாம் ஓர் அளவில் இருக்காது. மேலே உள்ள மூன்று வெறும் பெயருக்கு நிற்கும் மலட்டுத் தாள்கள். நடுவில் உள்ளவை குட்டையானவை, கீழே உள்ளவை நீண்டு வளைந்தவை. மகரந்தப் பை நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் மட்டும் சிறு துளை இருக்கும், மிளகுத்தூள் டப்பாவின் மூடியைப் போல. தட்டினால்தான் கொட்டும். கருவண்டு வந்து நடுத்தாள்களைக் காலால் அணைத்துக்கொள்கிறது. சிறகை மடக்கி வைத்துவிட்டு, பறக்கும் தசைகளை மட்டும் வேகமாக அதிரவைக்கிறது. ‘ர்ர்’ என்று ஓர் ஒலி எழுகிறது. பறக்கும்போது வரும் ஒலியைவிடச் சுருதி கூடியது. மகரந்தம் புகைபோலத் தெறித்து வயிற்றில் விழுகிறது. வண்டு அதைக் கூட்டி உணவுக்கு எடுத்துக்கொள்ளும். அதே அதிர்வில் நீண்ட தாள்களும் தம் மகரந்தத்தை வண்டின் விலாவிலும் முதுகிலும் பூசிவிடுகின்றன. அங்கே வண்டின் கால் எட்டாது. அடுத்த பூவின் சூல்தண்டு சரியாக அந்த இடத்தில் வந்து உரசுகிறது. ஒரே செடியில் சில பூக்களில் இந்தச் சூல்தண்டு இடப்பக்கமும் சில பூக்களில் வலப்பக்கமும் வளைந்திருப்பதையும் காணலாம்.

இப்படி அதிர்வால் மட்டுமே மகரந்தம் தரும் தாவரங்கள் உலகில் 20,000 இனங்கள் அளவுக்கு உண்டு. கத்தரியும் தக்காளியும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவை. பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும் நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். ஆகையால் கத்தரித் தோட்டத்து வேலியில் ஆவாரை நிற்பது, கத்தரி பூக்காத மாதங்களிலும் அந்த வண்டை ஊரிலேயே தங்கவைக்கும்.

அந்த வேலிகள்தாம் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. சென்னை – திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழியானபோது இரு மருங்கிலும் இருந்த புளியமரங்கள் போயின. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலை அகலமானபோது மறுபடியும் மரங்கள் விழுந்தன. புளி வைகாசி, ஆனியில் பூக்கும். வேம்பும் புங்கமும் ஓய்ந்த பிறகு தேனீக்களுக்கு அடுத்த சோற்றுக் களம் அதுதான். இப்போது சாலை நடுவே அரளியும் காகிதப்பூவும் நிற்கின்றன. காகிதப்பூவில் நாம் பூ என்று பார்ப்பது நிறமேறிய இலை. உண்மையான பூ அதன் நடுவே ஒல்லிக் குழலாக இருக்கும், பெரும்பாலான தேனீக்களின் நாக்கு அதற்குள் எட்டாது. வீட்டு மனைகளைச் சுற்றி முள்வேலி போய் மதில் வந்தது. வாசல் முழுக்க சிமென்ட் தளம் ஏறியது. வரப்பில் களைக்கொல்லி தெளிக்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. பூ குறைந்தது ஒரு பங்கு இழப்பு. வளை தோண்ட வெறும் மண் இல்லாமல் போனது இன்னொரு பங்கு.

வெளிநாட்டுச் செடி எல்லாமே பயனற்றது என்று சொல்லிவிட முடியாது. மெக்சிகோவிலிருந்து வந்த கொடிரோஸில் தேனீ மொய்க்கும். தொல்லை கொடுக்கும் சீமைக்கருவேலத்தின் பூவிலும் தேன் உண்டு, தேனீக்கள் அதை விடுவதில்லை. வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கும் கிணற்றடிப் பூண்டும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. சின்ன வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது பிடித்த செடி. வேறுபாடு பூவில் தெரிவதைவிட இலையில் நன்றாகத் தெரிகிறது. வளர்ந்த வண்ணத்துப்பூச்சி கிடைத்த பூவில் தேன் குடித்துக்கொள்ளும். அதன் புழு அப்படி இல்லை. தாய் எந்தச் செடியில் முட்டையிட்டதோ அந்தச் செடியின் இலையைத்தான் தின்னும். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பழகிய ஒன்றிரண்டு செடிக் குடும்பங்களைத் தவிர வேறு எதுவும் அதற்கு உணவாகாது. தேன் மட்டும் உள்ள தோட்டத்துக்கு வண்ணத்துப்பூச்சி விருந்தாளியாக வரும். இலையும் இருந்தால் குடும்பம் நடத்தும்.

கறிவேப்பிலைச் செடி வைத்திருப்பவர்கள் இதை அறிவார்கள். பறவை எச்சம் போலக் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னப் புழு இலைமேல் அசையாமல் கிடக்கும். சில நாளில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு நீட்டி ஒரு வாடையை விடும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இவை. எருக்கு இலையைத் தின்று வளர்வது வெந்தய வரியன்; எருக்கம்பாலின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. ஆவாரையிலும் சரக்கொன்றையிலும் வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. விழுதியும் ஆதொண்டையும் வெள்ளைச் சிறகுக் கூட்டம் ஒன்றுக்கே உணவு. மாமரத்தில் புல்லுருவி படர்ந்தால் உடனே வெட்டுகிறோம். சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறகுள்ள ஓர் அழகான வண்ணத்துப்பூச்சியின் புழு அந்தப் புல்லுருவியைத் தின்றுதான் வளர்கிறது, தேன்சிட்டும் அதன் பூவைத் தேடி வருகிறது. தோப்பின் ஓரத்து மரம் ஒன்றில் மட்டும் அதை விட்டுவைக்கலாம்.

கொல்லை மேட்டில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையின் கதை இன்னும் சுவையானது. பெயருக்கேற்ப ஆடுகூட வாய்வைக்காத செடி. சிவந்த உடலும் கறுத்த சிறகும் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி இதிலும் இதன் உறவான பெருமருந்துக்கொடியிலும் மட்டுமே முட்டையிடுகிறது. இலையின் நஞ்சு புழுவுக்குள் ஏறி, வளர்ந்த பூச்சியையும் காக்கிறது. ஒருமுறை தின்று கக்கிய பறவை அந்தச் சிவப்பை மறப்பதில்லை. அந்தப் பாடத்தால் ஆதாயம் அடையும் இன்னொரு பூச்சியும் உண்டு. கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில, நஞ்சில்லாத உடலோடு, இந்த நச்சுப் பூச்சியைப் போலவே நிறம் பூண்டு திரிகின்றன. ஆடுதீண்டாப்பாளையிலும் பெருமருந்துக்கொடியிலும் உள்ள அமிலம் மனிதரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும் என்று உறுதியாகியிருக்கிறது. தோட்டத்தில் வளர்க்கலாம், கைமருந்தாக உட்கொள்ளக் கூடாது.

விழுப்புரம் மாவட்டத்தில் எந்தச் செடி இயல்பாக வளரும் என்று கேட்பவர்கள் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் ஒருமுறை நடந்துவிட்டு வர வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, குதிரைச் சிலைகளுக்குப் பின்னால், வெயில் புகாத அடர்த்தியோடு நிற்கிறது அது. சோழமண்டலக் கரை நெடுக ஒரு காலத்தில் பரவியிருந்த வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம். ஆண்டில் ஏழெட்டு மாதம் வறட்சி, ஐப்பசி கார்த்திகையில் கொட்டும் மழை. இதற்குப் பழகிய மரங்கள் குட்டையாக, தடித்த சிறு இலைகளோடு, கோடையிலும் பச்சையாகவே இருக்கும். சாமிக்குப் பயந்து யாரும் கத்தி வைக்காததால் இங்கே வீரமரமும் பாலையும் காயாவும் காட்டு எலுமிச்சையும் இன்றும் இருக்கின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்தக் காட்டின் மரங்களைப் பல ஆண்டுகளாக அளந்து பதிவு செய்துவருகிறார்கள். கோடையில் காயா பூக்கும்போது கிளை முழுக்க நீலம் ஏறிவிடும்.

இந்தக் காட்டை மறுபடியும் வளர்க்க முடியும் என்று இதே மாவட்டத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். 1968 பிப்ரவரியில் ஆரோவில் தொடங்கப்பட்டபோது வானூர் மேட்டுநிலம் செம்மண் அரித்துப்போன பொட்டல். மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடைகளாகப் பிளந்து கடலைச் சிவப்பாக்கியது. முதலில் வரப்பு கட்டி நீரை நிறுத்தினார்கள். எந்த மண்ணிலும் பிழைக்கும் ஆஸ்திரேலிய வேல மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினார்கள். பிறகு கோயில் காடுகளில் விதை பொறுக்கி வந்து, அந்த நிழலுக்குக் கீழே மண்ணின் மரங்களை வளர்த்தார்கள். ஜாஸ் புரூக்ஸ் 1973-ல் பிச்சாண்டிகுளம் காட்டைத் தொடங்கினார். 2000-ல் 50 ஏக்கரில் ஆரோவில் தாவரவியல் பூங்கா உருவாகி, உலர் பசுமைமாறாக் காட்டுச் செடிகளை நாற்றாக வளர்த்து வருகிறது. பிச்சாண்டிகுளம் குழுவினரின் அனுபவம் சென்னைக்கும் போனது: குப்பையும் இடிபாடும் நிறைந்து கிடந்த அடையாறு ஓடைப் பகுதியில் 58 ஏக்கர் மீட்கப்பட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நகரத்தின் நடுவே வண்ணத்துப்பூச்சிகளும் தட்டான்களும் பறவைகளும் திரும்பி வந்தன.

காடு வளர்க்க ஐம்பது ஏக்கர் வேண்டும். தேனீக்கு அவ்வளவு வேண்டியதில்லை. உடல் சிறுத்த தனித்தேனீ தன் வளையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். கொசுத்தேனீயின் எல்லையும் அவ்வளவே. மலைத்தேனீதான் பல கிலோமீட்டர் போகும். ஆகவே ஊருக்கு வெளியே ஒரு பெரிய பூங்கா இருப்பதைவிட, தெருவுக்கு இரண்டு வீட்டில் இரண்டு சென்ட் இடம் இருப்பது சிறு தேனீக்களுக்குக் கூடுதல் உதவி.

அந்த இரண்டு சென்டை எப்படி அமைப்பது? எல்லையில் உயிர்வேலி: நொச்சி, ஆதொண்டை, விழுதி. நொச்சியைக் குச்சி ஒடித்து நட்டாலே வரும். அதன் ஊதாப் பூங்கொத்தில் தேனீ ஓய்வதே இல்லை. உள்ளே புதர் வரிசை: ஆவாரை, சிறுகளா, கிலுகிலுப்பை, மெதுவாக வளரும் காயா ஒன்று. கிலுகிலுப்பையை விடக் கூடாது. நீல வரியன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் அதன் காய்ந்த காயையும் தண்டையும் காலால் பிறாண்டி, கசியும் சாற்றை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணத்தை அந்தச் சாற்றிலிருந்துதான் தயாரித்துக்கொள்கின்றன. தரையில் தும்பை, துளசி, சிறுபீளை, ஓரிதழ்தாமரை. மழை பெய்ததும் தும்பை தானே முளைத்துவிடும். பிடுங்காமல் இருந்தால் போதும். வேலியில் ஏற்றிவிட ஒரு பெருமருந்துக்கொடி. மூலையில் ஒரு மரம்: புங்கம் அல்லது சரக்கொன்றை. எருக்கு இருக்கட்டும், ஆனால் குழந்தைகள் ஓடும் பாதையிலிருந்து தள்ளி. பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

தேர்ந்தெடுக்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டியது மாதக் கணக்கு. மாசியில் முருங்கையும் மாவும் முருக்கும் பூக்கின்றன. பங்குனி, சித்திரையில் வேம்பு, மாவிலங்கம், புங்கம், சரக்கொன்றை. வைகாசி, ஆனியில் புளி. இதற்குப் பிறகு ஆடி, ஆவணியில் மேற்குக் காற்று வீசும் நாட்களில் மரங்களில் பூ குறைந்துபோகும். வீட்டுத் தோட்டம் கைகொடுக்க வேண்டிய நேரம் இது. நொச்சி, துளசி, தண்ணீர் விட்டு வளர்க்கும் ஆவாரை ஆகியவை அந்த இடைவெளியை அடைக்கும். ஐப்பசி மழைக்குப் பின் தும்பையும் பூண்டுச் செடிகளும் தரையை நிறைக்கும். பொங்கல் சமயத்தில் சந்தைக்கு வரும் ஆவாரம்பூவும் சிறுபீளையும் தோட்டத்திலும் உச்சத்தில் இருக்கும். எந்த மாதத்திலும் குறைந்தது மூன்று வகைச் செடி பூத்திருந்தால் தேனீக்கு ஆண்டு முழுவதும் உணவு உண்டு.

இரவில் வருபவர்களையும் மறந்துவிடக் கூடாது. வெள்ளை நிறத்தில் அந்தியில் மணக்கும் பூக்கள் அந்துப்பூச்சிகளுக்காக விரிகின்றன. இலுப்பைப் பூவைத் தேடிப் பழந்தின்னி வௌவால் வரும். கோயில் தோப்புகளில் பழைய இலுப்பைகள் இன்னும் காய்ப்பதில் அதற்கும் பங்கு உண்டு. தோட்டத்தில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அந்துப்பூச்சி பூவை விட்டு விளக்கைச் சுற்றும். தேவையில்லாத விளக்கை அணைத்துவிடலாம்.

பூவுக்கும் இலைக்கும் அடுத்தது இருப்பிடம். தோட்டத்தின் வெயில் படும் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண்ணைக் கொத்தாமல், தழை மூடாமல், வெறுமனே விட வேண்டும். மண்ணில் வளை வைக்கும் தேனீக்களுக்கு அது குடியிருப்பு. பட்டுப்போன கிளையோ பனை மட்டையோ ஒன்று சாய்ந்து கிடந்தால் கருவண்டு துளைக்கும். ஒரு பக்கம் கணு அடைத்த மூங்கில் துண்டுகளை, துளை பென்சில் பருமனுக்கு மிகாமல், கட்டாகக் கட்டி மழை படாத இறவாணத்தில் தொங்கவிட்டால் இலைவெட்டித் தேனீ வந்து ஒவ்வொரு துளையாக அடைத்துவைக்கும். அகன்ற மண்சட்டியில் மணல் நிரப்பி ஈரமாக வைத்தால் வண்ணத்துப்பூச்சிகள் வந்து உப்புச்சத்தை உறிஞ்சும். உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் செடியடியில் விட்டால் கூட்டுப்புழுக்கள் பிழைக்கும்.

மருந்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தத் தோட்டத்தில் பூச்சிக்கொல்லிக்கு இடமில்லை. புழு இலையைத் தின்பதற்காகத்தான் செடியே வைக்கிறோம். நியோநிகோட்டினாய்டு வகை மருந்துகள் செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் கலக்கின்றன. தேனீயைக் கொல்லாத அளவில்கூட அது வழிமறந்து கூடு திரும்ப முடியாமல் போகிறது. அந்த வகையில் இமிடாகுளோபிரிட் உட்பட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் இமிடாகுளோபிரிட் சாதாரணமாகக் கிடைக்கிறது. கொல்லையில் பயிருக்குத் தெளித்தே ஆகவேண்டிய கட்டம் வந்தால், பூத்திருக்கும் காலை நேரத்தில் வேண்டவே வேண்டாம். தர்பூசணிப் பூ பிற்பகலில் மூடிவிடும், தேனீயும் போய்விடும். பொழுது சாய்ந்த பிறகு தெளித்தால் இழப்பு குறையும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் இதே நேரம்தான்.

வேலையைத் தொடங்க நல்ல மாதம் புரட்டாசி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழி எடுத்து, மட்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து போட்டுவைத்தால், ஐப்பசியில் வேர் பிடித்துவிடும். ஆவாரை, சரக்கொன்றை விதைகளின் தோல் கெட்டி; சுடுநீர் ஊற்றி ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு கூடும். முதல் கோடையில் மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர் வேண்டியிருக்கும். மறு கோடையில் பெரும்பாலான செடிகளுக்கு அதுவும் வேண்டாம். வறட்சி இவற்றுக்குப் பழக்கம். செடியைக் காட்டிலிருந்து பிடுங்கி வருவது கூடாது. விதை எடுத்தாலும் ஒரு செடியில் கொஞ்சம் மட்டும் எடுத்து, மற்றதை அங்கேயே விட வேண்டும். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கிய பிறகு ஊர்தோறும் மரக்கன்று நடுகிறார்கள். நடும் இடத்தில் மரத்துக்குக் கீழே நான்கு ஆவாரையும் நொச்சியும் சேர்த்து நட ஊராட்சியிடம் கேட்கலாம். பள்ளிக்கூடத்து வேலி, ஏரிக்கரை, கோயில் நந்தவனம், வீடூர் அணை வாய்க்கால் ஓரம் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை.

வந்து சேரும் வரிசை பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். சில வாரத்தில் தும்பையையும் துளசியையும் தேடிக் கொசுத்தேனீயும் சின்ன வண்ணத்துப்பூச்சிகளும் வரும். முதல் ஆண்டு முடிவதற்குள் கறிவேப்பிலையிலும் எருக்கிலும் புழு தெரியும். ஆவாரை பூத்ததும் கருவண்டு வரும். காயா பூக்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வருவதை எல்லாம் தேதியோடும் செடியின் பெயரோடும் ஒரு நோட்டில் எழுதுவதும், கைபேசியில் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றுவதும் நல்ல பழக்கம். இனம் கண்டு சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்தியா முழுவதும் வண்ணத்துப்பூச்சி மாதம் கொண்டாடி, பார்த்தவற்றைப் பதிவு செய்கிறார்கள். விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், பனையபுரம் பள்ளி மாணவர்கள் தங்கள் வேலியில் பார்த்ததை அந்த மாதத்தில் எழுதத் தொடங்கினால், எந்தச் செடிக்கு எந்தப் பூச்சி எந்த மாதம் வருகிறது என்ற இந்த வட்டாரத்துக்கே உரிய அட்டவணை ஐந்தாண்டில் கையில் இருக்கும். அடுத்து எந்த நாற்றை அதிகம் வளர்ப்பது என்பதை நாற்றங்கால் வைத்திருப்பவர் அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.